ரெண்டாள் படகை ஒத்தையாளா ஏத்தினது

வெள்ளிக்கிழமை காலை, பத்து மணி வெயில். படகு என் கார் கூரை மேல அசையாம உக்காந்திருந்துச்சு. பெல்ட் ரெண்டும் கட்டியாச்சு. நான் கைலியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, துண்டால கழுத்தைத் துடைச்சுக்கிட்டு, ஏத்தி முடிச்ச படகைப் பாத்துக்கிட்டே நின்னேன். மனசுக்குள்ள சின்னதா ஒரு பெருமை. இல்லைன்னு சொன்னா பொய்.

அப்ப தெருமுனையில ஆட்டோ சத்தம் கேட்டுச்சு.

செவ்வாயும் வெள்ளியும் என் நண்பன் ஜெபமணியை ஆவடிக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போயி, திரும்பக் கொண்டுவந்து விடற ஆட்டோ அது. பதினொன்றரைக்குத்தான் வரணும். அன்னைக்கு தெரபி செய்யற பொண்ணு லீவாம். போன வேகத்துல திரும்பிட்டான்.

பக்கத்து வீடுதான் அவன் வீடு. ஆனா ஆட்டோ என் கேட்டுக்கு எதிர்ல நின்னுச்சு. அவன்தான் நிறுத்தச் சொல்லியிருக்கணும். ரெண்டு முட்டிக்கு நடுவுல கைத்தடியை நிறுத்தி வச்சுக்கிட்டு, இறங்காம, படகை மூக்குலேர்ந்து வால் வரைக்கும் பாத்தான். அப்புறம் தரையில கெடந்த லாரி டயரைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான்.

"ஒத்தையிலயா ஏத்துன?"

"ஆமாபா. சும்மா… முடியுதான்னு பாத்தேன்."

"நல்லா ஏத்திட்டியே."

அவ்வளவுதான். டிரைவர் தோள்ல தட்டினான், ஆட்டோ நகர்ந்து அவன் வீட்டு வாசல்ல போய் நின்னுச்சு. எங்க தொழிற்சாலையில ஃபோர்மேன் வாயிலேர்ந்து நான் வாங்காத திட்டு கெடையாது. எதுவும் என்னை ஒண்ணும் பண்ணினதில்ல. இந்த ரெண்டு வார்த்தை பண்ணுச்சு.

கட்டினவன் சாக்பீஸைத் தொடக்கூடாது

புதுசா இந்தப் பக்கத்தைத் திறக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் ஏகாம்பரம். பட்டாபிராம் தண்டுரையில பொறந்தவன். எங்க அப்பா காலம் வரைக்கும் அடுத்தவங்க வயல்ல நாத்து நட்ட குடும்பம். ஆவடியில ராணுவத்துக்குக் கனரக வண்டி செய்யற தொழிற்சாலையில எனக்கு வேலை கெடைச்சப்புறம்தான் எங்க வீட்டுக்கு மாசச் சம்பளம்னு ஒண்ணு வந்துச்சு. நான் பேசறது பச்சை மெட்ராஸ் பாஷை. அப்படியே எழுதினா பத்திரிகை ஆசிரியர் கொஞ்சம் திருத்துவாரு, திருத்தட்டும்.

ஜெபமணி தூத்துக்குடிக்காரன். நானும் அவனும் ஒரே மாசம் வேலைக்குச் சேந்தோம். ஒரே செக்ஷன், டெஸ்பாட்ச். குவார்ட்டர்ஸ்ல எதிரெதிர் வீடு. ரிட்டையர் ஆகறதுக்கு முன்னாடியே பட்டாபிராம்ல பக்கத்துப் பக்கத்து மனையா வாங்கிக் கட்டிக்கிட்டோம்.

செஞ்ச வண்டியை ரயில்ல ஏத்தி அனுப்பறது எங்க வேலை. மிலிட்டரி சைடிங்ல, அதாவது சரக்கு ஏத்தற கிளைத் தண்டவாளத்துல, பக்கச்சுவர் இல்லாத தட்டை வேகன் வந்து நிக்கும். வண்டியை அது மேல ஏத்தி, சக்கரத்துக்கு ஆப்பு வச்சு, நாலு மூலையிலும் சங்கிலி போட்டு, திருகாணியை இரும்புத் தடியால இறுக்கணும். கொஞ்சம் தளர்ந்தா போச்சு, எங்கேயாவது ஒரு வளைவுல அத்தனை டன்னும் தண்டவாளத்துக்கு வெளியே கெடக்கும்.

அங்க ஒரு வழக்கம் உண்டு. கட்டினவன் தன் கட்டைத் தானே பாத்து சரின்னு சொல்லக்கூடாது. ஜோடி ஆளுதான் வந்து பாக்கணும். அவன் சுத்தியலால சங்கிலியை ஒரு தட்டுத் தட்டுவான். இறுகினது கணீர்னு கேக்கும். திருப்தியா இருந்தா வேகன் மேல சாக்பீஸால ஒரு டிக் போடுவான். சாக்பீஸ் எப்பவும் அவன் கையிலதான். கட்டினவன் அதைத் தொடக்கூடாது.

முப்பத்து நாலு வருஷம் நான் கட்டினேன், ஜெபமணி பாத்தான்.

ஒரு தடவை அவனுக்கு அம்மை போட்டிருந்துச்சு. புதுசா வந்த ஆபீசர், "நீயே டிக் போட்டு அனுப்புப்பா"ன்னாரு. எனக்குக் கை வரல. வேற ஆளு வர்ற வரைக்கும் வேகன் அரை நாள் நின்னுச்சு. மெமோ குடுத்தாரு, வாங்கிக்கிட்டேன். நான் கொஞ்சம் முசுடுதான், என் பொண்டாட்டி கஸ்தூரியைக் கேட்டா இன்னும் நல்லா சொல்லுவா.

மஞ்சப் போட்டு

ரிட்டையர் ஆனதும் நான் நல்லா தூங்கினேன். ஜெபமணிக்குத்தான் இருப்புக் கொள்ளல. அவன் தண்ணி ஓரம் வளந்தவன். பருத்திப்பட்டு ஏரியைச் சுத்தி வாக்கிங் போவோம். அவன் நடக்கமாட்டான், தண்ணியைப் பாத்துக்கிட்டே நிப்பான்.

கிழக்குக் கடற்கரைச் சாலையில ஒரு ரிசார்ட்டை இழுத்து மூடறாங்க, பழைய படகெல்லாம் ஒழிக்கறாங்கன்னு அவன்தான் மோப்பம் பிடிச்சுட்டு வந்தான். ரெண்டு பேரும் பாதிப் பாதி போட்டு ஒண்ணை எடுத்து, குட்டியானை வண்டியில வச்சுக் கொண்டுவந்தோம். கயாக்னு பேரு. ரெண்டு பக்கமும் அலகு வச்ச துடுப்பால தள்ளற, நீளமான பிளாஸ்டிக் படகு. முன்னால ஒரு சீட்டு, பின்னால ஒரு சீட்டு. பதிமூணு அடி நீளம், நாப்பது கிலோ எடை. எங்க தெருவுல அதுக்கு மஞ்சப் போட்டுன்னு பேரு.

"ஊட்ல நாலு சேர் போட எடமில்ல, இதுக்குப் பதிமூணு அடி கேக்குதா"ன்னா கஸ்தூரி. ரெண்டு கெழவனுங்களுக்கு வேற வேலை இல்லைன்னு தெருவே சிரிச்சுச்சு. அப்புறம் ஒரு ஐப்பசியில எங்க ஏரியாவுல தொடை வரைக்கும் தண்ணி நின்னப்ப, இதே மஞ்சப் போட்டுலதான் பால் பாக்கெட்டும் கேஸ் சிலிண்டரும் வீடு வீடா போச்சு. அதுலேர்ந்து யாரும் சிரிக்கறதில்ல.

சனிக்கிழமைதான் எங்க நாள். ஞாயித்துக்கிழமை அவனுக்கு சர்ச். காலையில அஞ்சு மணிக்கு என் போர்ட்டிகோவுல வந்து நிப்பான். அவன் முன் பக்கம், நான் பின் பக்கம். "ரெடியா?"ம்பான். "ரெடி"ம்பேன். ஒரே தூக்கு, கார் கூரைக் கம்பி மேல போய் உக்காரும். லாரிக்காரங்க சரக்குக் கட்டற பெல்ட் ரெண்டு வச்சிருந்தோம். கைப்பிடியை ஆட்ட ஆட்ட டிக்கு டிக்குன்னு இறுகும். அதை இறுக்கறது நான். வெளிவட்டச் சாலையைப் பிடிச்சு மீஞ்சூர், பொன்னேரியில இட்லி, அப்புறம் பழவேற்காடு. ஏரித் தண்ணியில ரெண்டு மணி நேரம் துடுப்பு.

படகுல அதிகம் பேசமாட்டோம். அவன் முதுகு எனக்கு முன்னால இருக்கும். அந்த முதுகைப் பாத்தா இன்னைக்கு மனசு எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியும்.

இடது கை

ஒரு பங்குனி மாசம், ஷேவ் பண்ணிக்கிட்டிருந்தப்ப இடது கையில இருந்த தண்ணி மக்கு கீழே விழுந்துச்சாம். எடுக்கக் குனிஞ்சவன் நிமிரல. பக்கவாதம். உயிர் பொழைச்சான், பேச்சு கொஞ்சம் கொழகொழன்னு திரும்பி வந்துச்சு. கைத்தடி வச்சு நடக்க எத்தனையோ மாசம் ஆச்சு. இடது கை மட்டும் வரவே இல்ல. இடது பாதத்துல உணர்ச்சியும் இல்ல.

படகு போர்ட்டிகோவுல தார்ப்பாய் போத்திக்கிட்டுக் கெடந்துச்சு. நான் தொடல. எப்படித் தொடறது.

ஒரு சனிக்கிழமை, காலையில அஞ்சு மணி. கேட்டு சத்தம் கேட்டு வெளியே வந்தா, தொப்பி போட்டுக்கிட்டு ஜெபமணி நிக்கறான்.

"வாலே. நான் கரையில உக்காந்து பாக்கேன், நீ போயிட்டு வா. படகு சும்மா கெடந்தா வீணாப் போகும்."

"இர்ரா மச்சான், யாரையாவது கூப்புட்றேன்."

"எதுக்கு? எனக்கு ஒரு கை இருக்குல்லா?"

வேணாம்னு சொல்லத்தான் நினைச்சேன். அவன் தார்ப்பாயை உருவிட்டான். கைத்தடியைச் சுவர்ல சாத்திட்டு வலது கையால மூக்குக் கயித்தைப் பிடிச்சான். "ரெடியா?"ன்னான். நானும் பழக்க தோஷத்துல "ரெடி"ன்னுட்டேன்.

ஒத்தைக் கையில பிடிச்ச படகு புரண்டுக்கும். புரண்டுச்சு. அதோட சேந்து அவனும் சாஞ்சான். கேட்டுத் தூண்ல முழங்கை உரசி, கீழே போய் விழுந்தான். சத்தம் கேட்டு நாலு வீட்டு ஆளுங்க ஓடி வந்துட்டாங்க. நாலு பேரா சேந்து அவனைத் தூக்கி நிறுத்தினாங்க. அவன் யார் முகத்தையும் பாக்காம, "படகுக்கு ஒண்ணும் ஆகலியே"ன்னு கேட்டான்.

அவன் பொண்டாட்டி ஸ்டெல்லா அவங்க வாசல்ல நின்னு எல்லாத்தையும் பாத்துக்கிட்டிருந்துச்சு. மத்தியானம் எங்க வீட்டுக்கு வந்துச்சு.

"அண்ணே, இனிமே அவங்களக் கூப்பிடாதீங்க."

"நான் கூப்புடலம்மா. அவராத்தான் வந்தாரு."

"படகு அங்க கெடக்குற வரைக்கும் அவங்க வருவாங்கண்ணே. அடுத்த வாட்டி விழுந்தா எந்திரிக்க மாட்டாங்க."

அழல அது. அழுதிருந்தா எனக்குத் தாங்கியிருக்கும்.

படகைத் தூக்கி யாருக்காவது குடுத்துடலாம். ஆனா பாதி அவனுது. அதுவும் போச்சுன்னா அவனுக்கு மிச்சம் இருக்கறது பிசியோதெரபியும் டிவியும்தான். படகு இருந்தா தூக்க வந்து நிப்பான். யோசிச்சுப் பாத்தா ஒரே வழிதான் இருந்துச்சு. அவன் கை வைக்கத் தேவையில்லாம படகு கார் மேல ஏறணும். அவன் அஞ்சு மணிக்கு வரும்போது ஏற்கெனவே ஏறி உக்காந்திருக்கணும். ரெண்டு பேரும் கெளம்பவேண்டியதுதான் பாக்கி.

நல்ல எண்ணம்தான். ஆனா அவனுக்குத் தெரியாம செய்யணும்னு எனக்கு ஏன் தோணுச்சு? அதை அப்ப நான் கேட்டுக்கல.

இருபது கிலோ, ரெண்டு தடவை

நாப்பது கிலோ பெரிய எடை இல்ல. அந்தக் காலத்துல அரிசி மூட்டையே அதுக்கு மேல தூக்கியிருக்கேன். ஆனா மூட்டை முதுகுல ஒட்டிக்கும். பதிமூணு அடிப் படகு ஒட்டாது. ஒரு பக்கம் தூக்கினா இன்னொரு பக்கம் நழுவும், நடுவுல பிடிச்சா ரெண்டு முனையும் ஆடும். நமக்கோ அறுபது தாண்டிடுச்சு, இடுப்புல ஏற்கெனவே ஒரு பிடிப்பு.

செவ்வாயும் வெள்ளியும் அவன் ஆட்டோ தெருமுனை திரும்பினதும் நான் கைலியை மடிச்சுக் கட்டுவேன். மொத நாள், மூக்கைத் தூக்கிக் காரோட பின்பக்கக் கம்பி மேல சாத்தினேன். வால் பக்கம் போறதுக்குள்ள சிமெண்ட் தரையில வால் வழுக்கி, மொத்தப் படகும் சரிஞ்சு, போர்ட்டிகோ குழாயை ஒடைச்சுடுச்சு. தண்ணி பீச்சி அடிக்குது. கஸ்தூரி உள்ளேர்ந்து வந்து, "இன்னாய்யா பண்ணிக்கினு கீற?"ன்னா. விஷயத்தைச் சொன்னேன். "அவருகிட்ட சொல்லிட்டு செய்யக்கூடாதா"ன்னா. "ஒனக்கு ஒண்ணும் தெரியாது, போ"ன்னு விரட்டினேன். தெரிஞ்சது அவளுக்குத்தான்.

அடுத்த தடவை பஞ்சர் கடையிலேர்ந்து ஒரு பழைய லாரி டயரை உருட்டிட்டு வந்தேன். வாலை டயருக்குள்ள உக்கார வச்சா அது நழுவாது. பின்பக்கக் கம்பியில பழைய ஜமுக்காளத்தைச் சுருட்டிக் கட்டினேன், அதுல படகு வழுக்கிக்கிட்டுப் போகும். மூக்கைத் தூக்கி ஜமுக்காளத்து மேல வச்சா, பாதி எடை காருது, பாதி டயருது. என் தோள்ல ஒண்ணும் இல்ல. நிதானமா மூச்சு விட்டுட்டுப் பின்னால போயி, வாலை இடுப்பு வரைக்கும் தூக்கி, ஒரே சீரா முன்னால தள்ளணும். நாப்பது கிலோவைத் தூக்கவே வேணாம். இருபது கிலோவை ரெண்டு தடவை தூக்கினா போதும்.

இது கைக்கு வர அஞ்சு வாரம் ஆச்சு. இறக்கறது ஏத்தறதை விட பயம், படகு தலை மேலதான் வரும். ஒரு தடவை தோள்பட்டையில வாங்கினேன், நாலு நாள் கையைத் தூக்க முடியல. ஒவ்வொரு தடவையும் பதினொண்ணு அடிக்கறதுக்குள்ள படகை இறக்கி, பழைய இடத்துலயே வச்சு, தார்ப்பாய் முன்ன எப்படி மடிஞ்சிருந்துச்சோ அப்படியே மடிச்சுப் போத்தி வச்சேன். டயரைக் கொண்டுபோய் மாடிப்படிக்குக் கீழ ஒளிச்சேன். சாயங்காலம் அவன்கூட உக்காந்து டீ குடிக்கும்போது, தோள் வலியைக் காட்டிக்காம கிரிக்கெட் பேசினேன்.

அந்த வெள்ளிக்கிழமைதான் மொத தடவையா ஒரு தப்பும் இல்லாம ஏறுச்சு. ஏறின படகைப் பாத்துக்கிட்டு நின்னப்பதான் ஆட்டோ வந்துச்சு.

ரெண்டு பள்ளம்

அன்னைக்கு சாயங்காலம் டீக்கு அவன் வரல. மறுநாள் நான் போனேன். டிவியில என்னமோ ஓடிக்கிட்டிருந்துச்சு. "உக்காருல"ன்னான். உக்காந்தேன். டீ வந்துச்சு, குடிச்சேன். டிவியிலேர்ந்து அவன் கண்ணை எடுக்கல. "அப்புறம், பாப்போம்"னான். இத்தனை வருஷப் பழக்கத்துல அவன் என்கிட்ட "பாப்போம்"னு சொன்னதே கெடையாது. அது வீட்டுக்கு வந்துட்டுப் போற மத்தவங்களுக்கு சொல்றது.

படகை இறக்க எனக்கு மனசு வரல. கார் மேலயே கெடந்துச்சு. அக்னி நட்சத்திரம், அஞ்சு நாள், மண்டையைப் பொளக்கற வெயில்.

ஆறாம் நாள் காலையில ஜன்னல் வழியாப் பாக்கறேன், ஜெபமணி என் கார்கிட்ட நிக்கறான். ஸ்டெல்லா கூட இல்ல, கைத்தடி மட்டும். எட்டிப் பாத்து, வலது கையைப் படகோட வயித்துக்கடியில விட்டு அழுத்திக்கிட்டிருந்தான். நான் வெளியே ஓடினேன்.

"எத்தன நாளா இது வெயில்ல கெடக்கு?"

"அஞ்சு நாளு."

"பெல்ட்ட இறுக்குனது?"

"நான்தான்."

"இங்கன தொட்டுப் பாரு."

தொட்டேன். கூரைக் கம்பி படற ரெண்டு இடத்துலயும் பிளாஸ்டிக் உள்வாங்கி, ரெண்டு பள்ளம். என் கை முழுசா அதுல உக்காந்துச்சு. வெயில்ல பிளாஸ்டிக் எளகியிருக்கு. நான் பெல்ட்டை சைடிங்ல சங்கிலியை இறுக்கற மாதிரி இறுக்கியிருக்கேன். எளகின வயிறு கம்பியில அழுந்திடுச்சு.

"இத்தனி வருஷமா இப்டித்தானேபா கட்டினேன். ஒண்ணும் ஆவலியே."

ஜெபமணி என்னைப் பாத்தான். அந்த அஞ்சு நாள்ல மொத தடவையா சரியாப் பாத்தான்.

"ஒவ்வொரு சனிக்கிழமையும் நீ கட்டிட்டு டிரைவர் சீட்டுல போய் உக்காருவ. நான் ஒரு சுத்து சுத்தி வருவேன், பாத்திருக்கியா?"

"நீ கட்டைப் பாக்கற பழக்கம். அதான?"

"கைப்பிடிய எடுத்துட்டு, பெல்ட்ட ஒரு விரக்கட தளத்தி விட்டுட்டு வருவேம்ல. ரெண்டுலயும். இது இரும்பு இல்ல, பிளாஸ்டிக்கு."

அத்தனை சனிக்கிழமையும் என் கட்டு சரியா நின்னது என் கையாலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

"சொல்லியிருக்கலாமே மச்சான்."

"சொன்னா நீ மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிடுவ. பொன்னேரி வரைக்கும் பேச மாட்ட."

நெசம்தான். பேசியிருக்கமாட்டேன்.

கார்ல சாஞ்சுக்கிட்டு நின்னான். ரொம்ப நேரம் நிக்க முடியாது அவனால. உள்ளேர்ந்து சேரைக் கொண்டுவந்து போட்டேன், உக்காந்தான். உக்காந்ததும் சொன்னான்.

"நீ தனியா ஏத்துனதுல எனக்கு வருத்தமில்ல. ஏத்தத்தான் வேணும், நான் எத்தன நாளைக்கு? நான் வீட்ல இல்லாத நாளாப் பாத்து ஏத்துன பாத்தியா."

"ஒனக்குக் கஷ்டமா இருக்கும்னுதான்பா."

"எனக்குக் கஷ்டமா இருக்குமான்னு எங்கிட்ட கேட்டியா?"

"கேக்கல."

"தூக்க முடியாதுன்னு எனக்குத் தெரியாதா? விழுந்தவன் நான்தானல. என்னால வேற என்ன முடியும்னு யாராவது கேப்பீங்கன்னு பாத்தேன். ஸ்டெல்லாவும் கேக்கல, அந்த டாக்டரும் கேக்கல. நீயாவது கேப்பேன்னு நெனச்சேன்."

நான் அவன் கால்மாட்டுல தரையில உக்காந்துட்டேன். "தப்பு பண்ணிட்டேன் மச்சான்"னேன். தார்ப்பாயை மடிச்சு வச்சதையும், டயரை ஒளிச்சதையும், தோள்ல அடிபட்டதையும் எல்லாம் சொன்னேன். குழாய் ஒடைஞ்ச கதையில மட்டும் அவன் வாய் ஒரு பக்கமா சிரிச்சுச்சு.

அன்னைக்கே படகை இறக்கி ஒருக்களிச்சுப் போட்டோம். கஸ்தூரி அண்டாவுல வெந்நீர் வச்சுக் குடுத்தா. பள்ளத்து மேல நான் ஊத்த ஊத்த, ஜெபமணி கைத்தடியோட ரப்பர் முனையை உள்பக்கம் குடுத்து நெம்பினான். ஒரு பள்ளம் பட்டுனு வெளியே வந்துச்சு. இன்னொண்ணு முக்கால்வாசிதான் வந்துச்சு, அது இன்னமும் இருக்கு.

அப்புறம், "இப்ப ஏத்து, பாக்கேன்"னான். சேர்ல உக்காந்துக்கிட்டு மூணு தடவை ஏத்தி இறக்க வச்சான். முதுகை வளைக்கறேன்னு ஒரு குத்தம், மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத் தூக்கறேன்னு ஒரு குத்தம். மூணாவது தடவை ஒண்ணும் சொல்லல. எழுந்து வந்து, வலது கையால பெல்ட்டை அழுத்திப் பாத்து, கைப்பிடியை எடுத்துத் தளத்தினான்.

மூட்டை

அந்த சனிக்கிழமையே பழவேற்காடு போனோம். ஸ்டெல்லா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டுச்சு. அவன் தண்ணியில கால் வைக்கக்கூடாது. உணர்ச்சி இல்லாத பாதத்துல சிப்பி கிழிச்சாக்கூட அவனுக்குத் தெரியாதே. "சரிம்மா"ன்னு நான்தான் வாக்குக் குடுத்தேன்.

கரையில படகை நானே இறக்கினேன், நானே தண்ணி வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். பின்சீட்டுல ஏறி உக்காந்தேன். அப்பதான் ஒரு விஷயம் உறைச்சுது. ரெண்டாள் படகுல பின்னால மட்டும் ஆள் இருந்தா மூக்கு தண்ணியை விட்டுத் தூக்கிக்கும். அன்னைக்குக் காத்தும் இருந்துச்சு. பத்து துடுப்பு போடறதுக்குள்ள காத்து மூக்கைப் பிடிச்சு ஒரு பக்கமா இழுத்துட்டுப் போச்சு. திருப்பினா மறுபடி இழுக்குது. ஏத்தறதுக்கு அஞ்சு வாரம் செலவு பண்ணவன், தண்ணிக்குப் போனப்புறம் என்ன ஆகும்னு ஒரு நாள் யோசிக்கல.

திரும்பிக் கரைக்கே வந்தேன். "சரி வராதுபா. இன்னிக்கு வேணாம், போலாம்"னேன்.

"டிக்கியில அந்தக் காலி அரிசிப் பை கெடக்குல்லா, எடுத்துட்டு வா"ன்னான். "தண்ணி மொள்ளுற மக்கையும் எடு."

கொண்டுவந்து குடுத்தேன். கூடக் கொண்டுவந்திருந்த பிளாஸ்டிக் சேரைத் தள்ளிட்டுக் கரையிலயே மணல்ல உக்காந்தான். பை வாயை ரெண்டு முட்டிக்கும் நடுவுல விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு, வலது கையால மக்குல மணலை அள்ளி அள்ளி உள்ள கொட்ட ஆரம்பிச்சான்.

நான் குனிஞ்சேன். "குடு மச்சான், நான் ரொப்பறேன்."

"நீ உக்காரு."

உக்காந்தேன். ஒத்தைக் கையால ஒரு பையை ரொப்ப எவ்வளவு நேரம் ஆகும்னு அன்னைக்குத்தான் பாத்தேன். பாதி மணல் வெளியேதான் விழுந்துச்சு. நடுநடுவுல நிறுத்தி மூச்சு வாங்கினான். வெயில் ஏறிக்கிட்டே வந்துச்சு. வலைக்காரர் ஒருத்தர் போறபோது நின்னு பாத்துட்டு, என்னமோ கேக்க வந்து, என் மூஞ்சியைப் பாத்துட்டுக் கேக்காம போயிட்டாரு. தன் சீட்டுல உக்காரப் போற மூட்டையை ஒரு மனுஷன் தன் கையாலயே ரொப்பறான், நான் உக்காந்து பாத்துக்கிட்டிருக்கேன்.

முக்கால் பை வந்ததும் வாயை முறுக்கி, ஒரு துண்டுக் கயித்தோட முனையைப் பல்லுல கடிச்சுக்கிட்டுக் கட்டினான்.

"என் எடைக்குக் கொறச்சல்தான். மூக்கு எறங்குனா போதும், நேராப் போகும்"னான்.

மூட்டையைத் தூக்கி முன்சீட்டுல வச்சேன். பின்னால ஏறி உக்காந்து துடுப்பை எடுத்தேன். அவன் கைத்தடியால படகோட வாலை ஒரு தள்ளு தள்ளினான்.

நேராத்தான் போச்சு. எனக்கு முன்னால எப்பவும் இருக்கற முதுகு இல்ல. அரை மணி நேரம் போனேன், அழுதுக்கிட்டேதான் போனேன். திரும்பிப் பாத்தா கரைக்கே வந்துடுவேன்னு திரும்பிப் பாக்கல. நடுத் தண்ணியில நின்னு மூஞ்சியைக் கழுவிக்கிட்டுத்தான் படகைத் திருப்பினேன்.

கரை கிட்ட வரும்போது பாக்கறேன், ஜெபமணி சேர்ல இல்ல. தண்ணியில நிக்கறான். பேண்ட்டு முழங்கால் வரைக்கும் நனைஞ்சிருக்கு. காலுல செருப்பு இருந்துச்சு, அது ஒண்ணுதான் ஆறுதல். கைத்தடியை இடது அக்குள்ல இடுக்கிக்கிட்டு, வலது கையை நீட்டிக்கிட்டு, படகு வர்ற வழியைப் பாத்து நிக்கறான்.

"டேய், ஸ்டெல்லாக்கு இன்னாடா பதில் சொல்லுவேன்"னு கத்தினேன். காதுலயே வாங்கல. மூக்கு கைக்கெட்டினதும் கயித்தைப் பிடிச்சுக் கையில ஒரு சுத்து சுத்திக்கிட்டான். படகு நின்னுச்சு.

"மெதுவா எறங்கு. பிடிச்சிருக்கேன்"னான். நான் காலை வெளியே எடுக்கறதுக்குள்ள, கயித்தைப் பாத்துக்கிட்டே கேட்டான். "இதுக்காவது ஆளு வேணும்லா?"

முழங்கால் தண்ணி. யாரும் பிடிக்காம அதுல இறங்க எனக்குத் தெரியும். அது அவனுக்கும் தெரியும்.

"வேணும் மச்சான்"னேன்.